வீட்டைச் சுற்றி மூங்கில்: திசைக்கு முன்னால் வேரைப் பாருங்கள்

மூங்கில் வைக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் திசையில வைக்கலாம்?" என்பதுதான். கிழக்கா, தென்கிழக்கா, வாசலுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்றைக் கேட்பேன்: "அதோட வேர் எப்படிப் போகும்னு பார்த்தீங்களா?"

இந்தக் கேள்வியை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தென்காசிப் பக்கம் வீடு கட்டி முடித்த கையோடு, மேற்குக் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஆறு மஞ்சள் மூங்கில் கன்றுகளை நட்டேன். சுவருக்கும் கன்றுக்கும் இரண்டடி இடைவெளி விட்டிருந்தேன். கன்று என் இடுப்பு உயரம்கூட இல்லாததால் இரண்டடியே தாராளமாகத் தெரிந்தது. ஐந்தாம் வருஷம் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருநாள் கூப்பிட்டு, இலை அடைத்துத் தண்ணீர் தேங்கிக் கிடந்த தன் சாக்கடையைக் காட்டினார். சத்தம் போடவில்லை. "தம்பி, மழைக்கு முன்னால ஒரு வழி பண்ணுங்க" என்றார், அவ்வளவுதான். ஆறு தூரையும் தோண்டி எடுக்க இரண்டு ஆட்களுக்கு ஒரு வாரம் ஆனது. சுவரைத் திருப்பிக் கட்டியது தனிச் செலவு. இப்போது வீட்டில் நிற்கும் மூங்கில், அதற்குப் பிறகு இனமும் இடமும் பார்த்து வைத்தது.

திசை பார்த்து வீடு அமைக்கச் சொல்லும் சீன மரபான ஃபெங் சுயி மீது எனக்கு மரியாதை உண்டு. மூங்கில் வைத்தால் பணம் கொட்டும் என்று எழுத மட்டும் எனக்கு மனசு வராது. காற்றையும் நீரையும் நிலத்தின் சாய்வையும் பார்த்து வீட்டை அமைக்கச் சொல்கிற பழைய அறிவாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

முதல் படி: கையில் இருப்பது என்ன செடி?

மூங்கில் என்ற பெயரில் நர்சரியில் மூன்று விதமான செடிகள் கிடைக்கும். மூன்றையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

ஒன்று, கண்ணாடிக் குவளையில் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு விற்கும் லக்கி பேம்பூ. இது மூங்கில் இல்லை. டிரசீனா சாண்டெரியானா என்று பெயர். மத்திய ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கத்துக் காட்டு நிழலில் வளர்வது. மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவோ நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தம். கணு கணுவாக இருப்பதைப் பார்த்து மூங்கில் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். சீனத்தில் இதற்குச் செல்வ மூங்கில் என்ற பொருளில் பெயர் உண்டு. உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும்.

இரண்டாவது, தூர் கட்டும் மூங்கில். இதன் அடிக்கிழங்கு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். கொஞ்ச தூரம் போய் வளைந்து மேலே கிளம்பிக் கழியாகிவிடும். அதனால் குத்தாகவே நிற்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெளி ஓரத்தில் புதுக் கழிகள் வரும். குத்து வருஷத்துக்கு வருஷம் அகலும். நம் சமவெளியில் பார்க்கும் மூங்கில் பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது ஓடும் மூங்கில். இதன் கிழங்கு மெலிந்து நீண்டு, அறுகம்புல் மாதிரி மண்ணுக்குள் கிடையாக ஓடும். நட்ட இடம் ஒன்றாகவும் முளைக்கிற இடம் வேறாகவும் இருக்கும். சீனா, ஜப்பான் போன்ற குளிர்ப் பகுதிகளின் ஃபில்லோஸ்டாகிஸ் இனங்கள் இப்படிப்பட்டவை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரிக் குளிர்ந்த ஊர்களில் வீடு இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கோல்டன் பேம்பூ என்று கேட்டு வாங்கினால் ஏமாந்துபோக இடமிருக்கிறது. மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்ட நம் ஊர் மஞ்சள் மூங்கிலுக்கும் அந்தப் பெயர்தான்; ஓடக்கூடிய ஃபில்லோஸ்டாகிஸ் ஆரியாவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். பெயரை நம்பாமல் கழியைப் பாருங்கள். கணுவுக்குக் கணு நடுவில் இருக்கும் பகுதியை விரலால் தடவுங்கள். கிளை கிளம்பும் பக்கத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடினால், ஒரு கணுவில் இரண்டே கிளைகள் இருந்தால், அது ஃபில்லோஸ்டாகிஸ். தண்டு முழு உருண்டையாக இருந்து, ஒரு கணுவிலேயே கொத்தாகப் பல கிளைகள் வந்தால், தூர் கட்டும் பேம்பூசா வகை. தொட்டியைக் கொஞ்சம் சாய்த்து வேரையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல நர்சரிக்காரர் மறுக்க மாட்டார்.

இரண்டாம் படி: ஃபெங் சுயி உண்மையில் என்ன சொல்கிறது?

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். உயிர்ச்சக்தி காற்றில் ஏறினால் சிதறும், நீரைக் கண்டால் நிற்கும் என்பது அதன் பழைய அடிப்படை. அதனால் வீட்டுக்குப் பின்னால் அணைப்பாக ஏதாவது இருக்க வேண்டும். முன்னால் வெளி திறந்திருக்க வேண்டும். பின்புறம் மலை அமைந்தால் அது கருப்பு ஆமை. வாசலுக்குள் நின்று வெளியே பார்க்கும்போது இடக்கைப் பக்கம் பச்சை டிராகன், வலக்கைப் பக்கம் வெள்ளைப் புலி. டிராகன் பக்கம் சற்று உயர்ந்தும் புலிப் பக்கம் தாழ்ந்தும் இருப்பது நல்லது என்பார்கள். வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் திறந்தவெளிக்கு ஒளிமுற்றம் என்று பெயர்.

மலை இல்லாத ஊரில் பின்னால் அணைப்புக்கு எங்கே போவது? அங்கேதான் மரமும் மூங்கிலும் வருகின்றன. ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதிக் கிராமங்களுக்குப் பின்னால் பிறை வடிவில் இன்றும் ஃபெங் சுயி காடுகள் நிற்கின்றன. அந்தக் காடுகளின் ஓரத்தில் கிராமத்தார் பழமரங்களும் மூங்கிலும் வைத்தார்கள். காற்றைத் தடுத்தன, சரிவில் மண்ணைப் பிடித்துவைத்தன, கூடைக்கும் கட்டுமானத்துக்கும் கழி கொடுத்தன. நம்பிக்கையையும் பிழைப்பையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சீனருக்கு மூங்கில் ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதில் மொழிக்கும் பங்கு உண்டு. கணுவைக் குறிக்கும் அவர்கள் சொல்லே ஒழுக்க உறுதியையும் குறிக்கும். உள்ளே வெற்றிடமாக இருப்பதை அகந்தை இல்லாத மனசாகப் பார்த்தார்கள். மூங்கிலைக் குறிக்கும் சொல்லும் வாழ்த்தைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலி. பட்டாசுக்கு அவர்கள் வைத்த பெயருக்கு வெடிக்கும் மூங்கில் என்று பொருள். பச்சை மூங்கிலைத் தீயில் போட்டால் கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும், அந்தச் சத்தம் தீயதை விரட்டும் என்று நம்பினார்கள். பிளம், மூங்கில், பைன் மூன்றும் குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள். ஆர்க்கிட், சாமந்தி, பிளம், மூங்கில் நான்கும் நான்கு சான்றோர்கள்.

மரம், தீ, மண், உலோகம், நீர் என்ற சீனரின் ஐம்பூதக் கணக்கில் மூங்கில் மரம் என்ற பூதத்தைச் சேரும். மரத்துக்கு உரிய திசைகள் கிழக்கும் தென்கிழக்கும். கிழக்கு குடும்ப நலனோடும் உடல்நலத்தோடும், தென்கிழக்கு செல்வத்தோடும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. "மூங்கிலைத் தென்கிழக்கில் வை" என்று எல்லா இடத்திலும் சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான். கூடவே சொல்கிற மூன்று எச்சரிக்கைகளை மட்டும் பலர் காதில் வாங்குவதில்லை: வாசலுக்கு நேரே அடைத்து வைக்கக் கூடாது, காய்ந்த கழியையும் செத்த இலையையும் அப்படியே விடக் கூடாது, வீட்டு வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு நெருக்கி வைக்கக் கூடாது. தோட்டக்காரர் ஒருவரைக் கேட்டாலும் இதே மூன்றைத்தான் சொல்வார்.

மூன்றாம் படி: வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள்

நான் முதல் கன்றை வாசல் பக்கம் இறக்கியதும் ஆச்சி, "ஏல, பாடை கட்ட வெட்டுத மூங்கில வாசல்ல கொண்டு வச்சிருக்கியே" என்று முகம் சுளித்தாள். இது அவள் ஒருத்தியின் பேச்சு இல்லை. பச்சை மூங்கிலில்தான் பாடை கட்டுகிறோம். அதனால் வீட்டருகே மூங்கில் ஆகாது என்று நம் ஊர்களில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பார்த்து வளர்ந்த விஷயம் அது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால், அந்தச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் மனசு சுருங்கும். வீட்டில் ஒருவர் சஞ்சலப்படும்படி ஒரு செடி நின்றால் அதில் என்ன மங்கலம்?

நான் ஆச்சியிடம் திருநெல்வேலியைப் பற்றிப் பேசினேன். நெல்லையப்பர் கோயிலின் தல மரமே மூங்கில். ஊரின் பழைய பெயர் வேணுவனம். சுவாமிக்கு வேணுவனநாதர், வேய்முத்தர் என்றும் பெயர்கள் உண்டு. அதோடு, எத்தனை கல்யாணத்தில் அவளே வாயார வாழ்த்தியிருக்கிறாள்: ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ வேண்டும் என்று. தூரிலிருந்து வருஷம் தவறாமல் குருத்து கிளம்பி, ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் குத்தைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கக்கூடிய வாழ்த்து அது. ஆச்சி கடைசியில், "சரி, வாசல்ல மட்டும் வேண்டாம், பின்னால வை" என்றாள். பின்னால் அணைப்பு, முன்னால் வெளி என்று ஃபெங் சுயி சொன்ன இடமும் அதுவே.

நான்காம் படி: நம் காற்றுக்கும் வெயிலுக்கும் இடம் பார்ப்பது

சீனத்து நூல்களின் திசைகளை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்தக் கூடாது. அங்கே கடுங்குளிர்க் காற்று வடக்கிலிருந்து வரும். அதனால் வீட்டின் முதுகு வடக்கே, முகம் தெற்கே. நமக்கு எதிரி மேற்கு வெயில். காற்று ஊருக்கு ஊர் வேறு. தென்காசிக்கு ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலோடு காற்று அடிக்கும். கோவை, பொள்ளாச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இந்த ஊர்களில் மேற்கிலும் தென்மேற்கிலும் மூங்கில் தடுப்பு வைத்தால் காற்றின் வேகம் தணியும், மேற்குச் சுவர் சூடேறுவதும் குறையும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் கோடையில் பிற்பகலுக்குமேல் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுதான் உயிர். அங்கே புத்தகத்தில் உள்ளபடி தென்கிழக்கில் அடர்ந்த மூங்கிலை நிறுத்தினால் வீட்டுக்குள் புழுங்கித் தள்ளும். காற்றைப் பார்த்து அமை என்று சொன்ன சாஸ்திரத்தைக் காற்றைப் பாராமல் பின்பற்றியதாக ஆகிவிடும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். உயரமான மரங்கள் தெற்கிலும் மேற்கிலும் இருக்கட்டும், வடகிழக்கு திறந்திருக்கட்டும் என்பது வாஸ்து. ஃபெங் சுயி கிழக்கு, தென்கிழக்கு என்கிறது. நான் செய்தது: உயரமான குத்து தென்மேற்கு மூலையில், குட்டை மூங்கில் ஒரு தொட்டியில் கிழக்குத் திண்ணையில். இரண்டு கணக்கும் ஒத்துப்போனது, காலை வெயிலும் தடையில்லாமல் உள்ளே வருகிறது.

அடுத்தது தூரம். இதில் கைக்கு அடக்கமாக யோசிக்காதீர்கள். பெரிய இனம் என்றால் வீட்டுச் சுவரிலிருந்து 5 மீட்டர், காம்பவுண்டிலிருந்து 3 மீட்டர் விடுங்கள். வேலி மூங்கில் போன்ற சிறிய இனத்துக்குக் காம்பவுண்டிலிருந்து ஒன்றரை மீட்டர் போதும். ஆலும் அரசும் போல மூங்கிலுக்கு ஆணிவேர் கிடையாது. அஸ்திவாரத்தைப் பிளந்து இறங்காது. அதன் கிழங்கும் வேரும் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள் நெருக்கமாகப் பரவும். அதனால் தரையில் பதித்த ஓடுகளைத் தூக்கும், ஆழமில்லாமல் எழுப்பிய காம்பவுண்டு சுவரைத் தள்ளும், ஏற்கெனவே கசிவுள்ள குழாயைத் தேடிப் போகும். செப்டிக் டேங்க், போர்வெல் குழாய், தண்ணீர்த் தொட்டி இவற்றின் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மேலேயும் நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பி போகும் வழியில் மூங்கில் கூடாது. மழையில் நனைந்த கழி காற்றில் சாய்ந்து கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே அப்படி வளர்ந்து நின்றால் நீங்களே அரிவாளை எடுக்காமல் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: எந்த இனம்?

மஞ்சள் மூங்கில் அழகுதான், மறுக்க முடியாது. நட்டவர்கள் மறப்பது அதன் அளவை: 10 முதல் 20 மீட்டர் உயரம் போகும், குத்தும் சற்றுத் தளர்வாக அகன்றுகொண்டே போகும். அரை ஏக்கர் தோட்டத்துக்கு வையுங்கள். ஐந்து சென்ட் மனையில் வேண்டாம்.

வேலிக்கும் மறைப்புக்கும் நான் சொல்வது பேம்பூசா மல்டிபிளெக்ஸ் என்ற வேலி மூங்கில். தென்சீனத்து வகை. 2 முதல் 7 மீட்டருக்குள் நிற்கும், தண்டு மெலிது, கத்தரிக்கோலால் அடக்கி வைக்கலாம், அடி முதல் நுனி வரை இலை நிறைந்திருக்கும். கொஞ்சம் உயரமும் ஒழுங்கும் வேண்டுமென்றால் தைர்சோஸ்டாகிஸ் சயாமென்சிஸ். தாய்லாந்து, மியான்மர் பக்கத்து மூங்கில். கழிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும், உறைகள் உதிராமல் தண்டோடு ஒட்டியிருக்கும், அதனால் குப்பையும் குறைவு. மானாவாரி நிலம், தண்ணீர் குறைவு என்றால் கல் மூங்கில். கழி கிட்டத்தட்ட கெட்டியாக இருக்கும், வறட்சியைத் தாங்கும்.

புத்தர் வயிறு என்று தண்டு உப்பலாக விற்கும் மூங்கிலை ஃபெங் சுயி பிரியர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதில் வெண்ட்ரிகோசா என்ற வகை தொட்டியின் நெருக்கடியாலும் தண்ணீர்க் குறைவாலும்தான் வயிறு போடுகிறது. நல்ல மண்ணில் நட்டு நீர் பாய்ச்சினால் சாதாரண மூங்கிலாக நெடுநெடுவென்று போய்விடும். வயிறு வேண்டுமென்றால் தொட்டியிலேயே வையுங்கள்.

முள் மூங்கில் வீட்டுக்கு ஆகாது. முள்ளோடு கூடிய பக்கக் கிளைகள் அடியில் பின்னிக்கொண்டு, சுத்தம் செய்யக் கையை நீட்ட முடியாது. அந்த இனம் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்து, ஒரே சமயத்தில் பூத்து, நெல் சொரிந்து, முழுத் தூரும் செத்துப்போகும். மூங்கிலரிசி வருவது அப்படிப் பூத்த தூர்களிலிருந்துதான். கூடவே எலியும் வரும். மிசோரமில் 1958-59லும், பிறகு 2006 வாக்கிலும் மெலோகன்னா மூங்கில் பூத்தபோது எலிகள் பெருகி வயலைத் தின்று பஞ்சம் வந்ததை அந்த மக்கள் மௌதாம் என்கிறார்கள். மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அரிது. அதை எல்லாரும் கழியிலிருந்தே பெருக்குகிறார்கள். பந்தலுக்கு ஊன்றிய அதன் பச்சைக் கழி வேர் பிடித்து நிற்கும் அளவுக்கு அதற்கு உயிர் கெட்டி. வேலிக்கு ஊன்றும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: நடுவது

மழை தொடங்கும் நேரமே நடும் நேரம். மேற்கு மாவட்டங்களில் ஜூன், ஜூலை. கிழக்குக் கடற்கரை மாவட்டங்களில் ஐப்பசி மழைக்கு முன். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 செ.மீ. எடுத்த மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரமும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து போடுங்கள். கரையான் தொல்லை உள்ள இடத்தில் புண்ணாக்கைக் கூட்டிக்கொள்ளலாம். களிமண் நிலமென்றால் மணல் சேருங்கள். மூங்கிலுக்கு ஈரம் பிடிக்கும், நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பெரிய இனங்களுக்கு இடையே 5 மீட்டர், வேலி மூங்கிலுக்கு ஒரு மீட்டர்.

முதல் இரண்டு கோடை தண்ணீர் விட்டே ஆக வேண்டும். வேர் ஊன்றிய பிறகு தானே பார்த்துக்கொள்ளும். முதல் வருஷம் ஒல்லியாகக் குச்சி குச்சியாக வந்தால் மனம் தளராதீர்கள். மூங்கில் கழி மண்ணிலிருந்து எந்தத் தடிமனோடு கிளம்புகிறதோ அதே தடிமனோடு நிற்கும், பிறகு பருக்காது. சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அடுத்த வருஷம் வரும் கழிதான் இதைவிடத் தடித்து வரும்.

ஓடும் வகையை ஏற்கெனவே நட்டுவிட்டவர்களுக்கு: குத்தைச் சுற்றி 75 செ.மீ ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள கெட்டி பிளாஸ்டிக் (எச்.டி.பி.இ.) தகட்டை இறக்குங்கள். மேல் விளிம்பு மண்ணுக்கு மேல் இரண்டங்குலம் தெரிய வேண்டும், வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓடி வரும் கிழங்கு கீழே புகாமல் மேலே ஏறி உங்கள் கண்ணில் படும். வருஷத்துக்கு இரண்டு முறை சுற்றிப் பார்த்து, விளிம்பைத் தாண்ட வருவதை வெட்டுங்கள். தூர் கட்டும் வகைக்குத் தகடு வேண்டியதில்லை. சரியான தூரமும், எல்லை தாண்டும் குருத்தை மழைக்காலத்திலேயே உடைத்துவிடுவதும் போதும். குருத்தைச் சமைக்க நினைத்தால் உரித்து, நறுக்கி, நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பச்சைக் குருத்தில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு.

ஏழாம் படி: வெட்டுவது, கொசு, பாம்பு

நட்டதோடு முடிந்தது என்று விட்ட குத்து நாலைந்து வருஷத்தில் புதராகும். வெட்டத் தெரிந்தால்தான் மூங்கில் வளர்க்கலாம். மழை ஓய்ந்து குருத்துக் காலம் முடிந்த பிறகு, மூன்று வயது தாண்டிய கழிகளை மட்டும் எடுங்கள். புதுக் கழியில் உறை ஒட்டியிருக்கும், வெள்ளைப் பொடி பூத்திருக்கும். முற்றிய கழி மங்கலாகி, மேலே பாசிப் பொட்டுகள் விழுந்திருக்கும். முற்றியவை நடுவில்தான் நிற்கும்; இளங்கழிகள் ஓரத்தில் அரண் மாதிரி நிற்கும். அதனால் ஒரு பக்கம் வாசல் திறந்து, லாட வடிவில் உள்ளே போய் நடுவிலிருந்து எடுங்கள். ஒரே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். உறையில் இருக்கும் சுணை பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும்.

வெட்டும் இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். தரைக்கு அருகில் முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சரியாக மேலே வெட்டுங்கள். கணுவுக்கு ஒரு சாண் மேலே வெட்டினால் மிச்சம் நிற்கும் குழல் ஒரு கோப்பை. மழைநீர் நிறைந்து, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிடத் தோதான இடம் வேறு கிடைக்காது. பழைய குத்தில் இப்படிப்பட்ட அடிக்கட்டைகள் இருந்தால், கணு வரை அறுத்துவிடுங்கள், இல்லையென்றால் மண் அடைத்துவிடுங்கள்.

இலை கோடையில் கொட்டும். மழைநீர்க் குழாய், மொட்டை மாடி வடிகால் இரண்டையும் மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும். கொட்டிய இலை செடிக்கு நல்ல மூடாக்கு. ஆனாலும் குத்தின் அடியில் மலைபோலக் குவியவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். தீயும் எளிதில் பிடிக்கும். அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பக்கக் கிளைகளைக் கழித்து, உள்ளே வெளிச்சம் தெரியும்படி வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருப்பவர்கள் கிளையில் கை வைக்கும் முன் இலைகளுக்கு நடுவே பாருங்கள். பச்சை நிறத்தில் அசையாமல் கிடக்கும் மூங்கில் விரியன் இலையோடு இலையாகத்தான் தெரியும்.

காற்றில் கழிகள் உரசி முனகும் சத்தம் சிலருக்குத் தாலாட்டு, சிலருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். படுக்கையறை ஜன்னலுக்கு அருகில் பெரிய இனம் வைக்காமலிருப்பது நல்லது. படுக்கையறைக்குள் மரத்தின் வீரியம் கூடாது என்று ஃபெங் சுயி சொல்வதையும் இதோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்குள் லக்கி பேம்பூ

இடமே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கு இது போதும். கிழக்கு அல்லது தென்கிழக்கு மூலையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தண்டு மரம், கூழாங்கல் மண், குவளையில் நீர், சிவப்பு நாடா தீ, காசு உலோகம் என்று ஐந்து பூதமும் ஒரே குவளையில் கூடுவதாகக் கணக்கு. தண்டின் எண்ணிக்கையில் நான்கைத் தவிர்ப்பார்கள். சீனத்தில் நான்கும் சாவும் ஏறத்தாழ ஒரே ஒலி. எட்டு செழிப்பைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒட்டும்.

உப்பு போர்வெல் தண்ணீர் விட்டால் இலை நுனி காயும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, குவளையின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை குவளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2001இல் தென்சீனத்திலிருந்து தண்ணீரில் வைத்துக் கப்பலில் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய லக்கி பேம்பூ சரக்கோடு ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவும் போய் இறங்கியது. நம் வரவேற்பறைக் குவளையிலும் அது நடக்கக் கூடியதே. கூழாங்கல்லை நீர்மட்டத்துக்கு மேல் வரும்படி நிரப்பினால் கொசு முட்டையிட இடம் குறையும். தண்டு மஞ்சளாகி மெதுமெதுப்பாகிவிட்டால் அதை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்துத் தண்டும் அழுகும். பூனையோ நாயோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையை மென்றால் வாந்தி எடுக்கும்.

எடுக்க வேண்டி வந்தால்

தப்பான இடத்தில் நட்டுவிட்டவர்கள் சீக்கிரம் முடிவெடுங்கள். இரண்டாம் வருஷத்துக் குத்தை ஒரு ஆள் மண்வெட்டியால் எடுத்துவிடுவார். ஐந்தாம் வருஷத்தில் கடப்பாறையும் கோடரியும் வேண்டும். முதலில் எல்லாக் கழிகளையும் தரைமட்டத்துக்கு வெட்டுங்கள். மண்ணை நன்றாக நனைத்து ஒருநாள் விட்டு, வெளி ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கித் தோண்டுங்கள்; கிழங்கைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால்தான் வரும். அடுத்த மழைக்கு விட்டுப்போன துண்டிலிருந்து குருத்து வரும். பார்த்தவுடன் உடைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு மழையில் கிழங்கின் சேமிப்பு தீர்ந்துவிடும். சுவரோரம் என்றால் அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர் பக்கத்திலும் ஒரு முறை பாருங்கள். என் சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணாச்சி வீட்டு முருங்கை அடியில், நாங்கள் தோண்டி முடித்த அடுத்த ஆடியில்தான் கடைசிக் குருத்து வந்தது. அவரே அதை உடைத்து, மதில் மேலாக என்னிடம் நீட்டினார்.